முப்பத்தைந்து வயதுக்குள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

"மூப்படையும் சமுதாயமும் தொழிலாளர் அளிப்பும்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அளிப்பு என்பது பாடநூல் சொல். முப்பத்தோரு வருடம் வகுப்பில் அந்தச் சொல்லைத்தான் கரும்பலகையில் எழுதினேன். ஆனால் உழவர் சந்தையில் யாரும் தக்காளி அளிப்பு குறைந்துவிட்டது என்று சொல்வதில்லை. வரத்து இல்லை என்பார்கள். மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கிறது. வரத்து என்றால் எங்கிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார்கள், வழியில் எது மறிக்கிறது என்ற கேள்விகள் கூடவே வந்துவிடும்.

திருப்பூரில் ஒரு மின்கம்பத்தில் கட்டியிருந்த தட்டியிலிருந்து தொடங்குகிறேன். அதில் இப்படி எழுதியிருந்தது: ஆட்கள் தேவை. ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், செக்கிங், அயர்ன், பேக்கிங், கைமடி. ஆண், பெண் இருபாலரும். வயது 18 முதல் 35க்குள். தங்குமிடம் உண்டு. கீழே இதே விஷயம் இந்தியில். அதற்கும் கீழே இரண்டு கைப்பேசி எண்கள். அந்த ஒரு கம்பத்தில் மட்டும் நான்கு கம்பெனிகளின் தட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின. வெயிலில் வெளுத்துப்போனது, மழையில் மை கரைந்தது, புதிதாக நேற்றுக் கட்டியது என்று.

என்னிடம் படித்த ஒருவர் அங்கே சிறிய பனியன் யூனிட் நடத்துகிறார். அவரைப் பார்க்கப் போனேன். "ஆளே சிக்கறதில்லைங்க சார். முப்பது மிஷின் கிடக்குது, ஓடறது பத்தொன்பதுதான்" என்றார். நான் கேட்டேன்: "நாப்பத்திரண்டு வயசில ஒரு அம்மா வந்தா எடுத்துக்குவியா? பதினேழு வருசம் ஓவர்லாக் தைச்சவங்க." கொஞ்சம் யோசித்தார். "எடுக்கலாங்க சார். ஆனா ஷிப்மென்ட் சமயத்துல ஒன்றரை ஷிப்ட்டு நிக்கோணும். அவங்களுக்கு வீட்ல ஆயிரம் வேலை இருக்குமுங்க. ஆறு மணியானா மணியப் பாப்பாங்க."

நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. ஆள் இல்லை என்று நாம் சொல்வது பெரும்பாலும் தலைக்கணக்கு அல்ல. முப்பத்தைந்து வயதுக்குள், வீட்டுப் பொறுப்பு இல்லாமல், கம்பெனிக்குப் பக்கத்திலேயே தங்கிக்கொண்டு, பன்னிரண்டு மணி நேரம் நிற்கக்கூடிய ஆள் இல்லை என்பதைத்தான் சுருக்கி அப்படிச் சொல்கிறோம். அப்படிப்பட்ட ஆட்கள் ஏராளமாக இருந்த ஒரு காலத்தில் நமது தொழில்கள் வளர்ந்தன. அந்தக் காலம் முடிந்துவிட்டது. தொழில்களுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்த கதைதான். 1971 வாக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாக 4 பிள்ளைகள் பெற்றாள். 1993 வாக்கில் அது 2.1க்கு இறங்கியது, ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ளும் எண் அது. கேரளம் நமக்கு ஐந்து வருடம் முன்பே அங்கு போய்விட்டது. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்கில் நம்முடைய எண் 1.4. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 1.8 என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று மக்கள்தொகை நிபுணர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், இரண்டுமே 2.1க்குக் கீழே. யாரையும் பிடித்துச் சிறையில் போட்டு இது நடக்கவில்லை. பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை தாய்க்கு வந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் இருந்தார். அவ்வளவுதான்.

பிள்ளைகள் குறைந்து, ஆயுளும் நீண்டால் வயதின் சராசரி ஏறும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். 2021க்கு தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட மதிப்பீடு 13.6. 2031ல் அது 18.2 ஆகும் என்பது கணிப்பு. கேரளம் 20.9. பீகாரில் 2021ல் 7.7தான். ஒரே நாட்டுக்குள் இப்படி இரண்டு காலங்கள் ஒரே ரயில் பாதையால் இணைக்கப்பட்டிருக்கின்றன. பிறகு அந்த ரயிலுக்கு வருகிறேன்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மூப்பு வந்தவுடன் வேலை செய்பவர்களின் எண்ணிக்கை குறைவதில்லை. முதலில் வேலை செய்பவர்களுக்கே வயதாகிறது. பெரிய குடும்பங்களில் பிறந்த கடைசித் தலைமுறை இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறது. 15 முதல் 59 வரை வேலை வயது என்று வைத்துக்கொண்டால் அவர்கள் எல்லோரும் அந்தப் பெட்டிக்குள்தான் வருகிறார்கள். அட்டவணையைப் பார்த்தால் வரத்து நன்றாகவே இருக்கிறது. மின்கம்பத்துத் தட்டியைப் பார்த்தால் இல்லை. அட்டவணையின் பெட்டிக்கு மேல் வரம்பு 59, தட்டியின் பெட்டிக்கு 35. இரண்டுக்கும் இடையில் இருபத்து நான்கு வருட மனிதர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள்.

இளமை மலிவாகக் கிடைத்த காலம் எப்படி இருந்தது என்பதற்குச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரே சாட்சி. கோவை, ஈரோடு, திண்டுக்கல், விருதுநகர் வட்டாரத்து நூற்பாலைகள் கிராமத்து வீடுகளில் கல்யாணமாகாத பெண்களைத் தேடிப் பிடித்து, மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லி அழைத்துப்போயின. பாதியில் வந்தால் தொகை இல்லை. பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் ஊருக்கு ஐம்பது பேர் கிடைத்தால்தான் ஒரு முதலாளிக்கு இப்படி ஒரு ஏற்பாடு தோன்றும். இன்று அந்தப் பெண்ணின் மகள் கல்லூரியில் இருக்கிறாள். உயர்கல்வியில் சேரும் விகிதம் 2021-22ல் தமிழ்நாட்டில் 47, நாட்டின் சராசரி 28. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. பிறப்பு குறைந்தது ஒரு பக்கம், பிறந்தவர்கள் வேலைச் சந்தைக்கு வரும் வயது பதினாறிலிருந்து இருபத்தொன்றுக்குத் தள்ளிப்போனது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது நல்ல இழப்பு. இதற்காக ஒரு நூற்பாலை மூடப்பட வேண்டியிருந்தால்கூட நான் வருந்த மாட்டேன்.

என் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். மூன்று வருடங்களுக்கு முன் ஆவணி மாதத்தில் போயிருந்தேன். எங்கள் தெருவை ஒட்டிய வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நடவு என்றால் என் காதில் முதலில் கேட்பது பெண்கள் குரல். நாற்று பறிப்பது ஆண்கள், நடுவது பெண்கள் என்று பிரித்துவைத்த ஊர் அது. அன்று வயலில் இருந்த பதினைந்து பேரும் ஆண்கள், எல்லோரும் இருபதை ஒட்டிய வயது. பேசிய மொழி வங்காளம். குனிந்த முதுகு நிமிராமல், கைகள் மட்டும் தையல் மிஷின் ஊசிபோல இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, ஒரு வயல் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். வரப்பில் நின்ற உறவுக்காரர் சொன்னார்: "நம்ம பொம்பளைங்கள்லாம் கெழவியாயிட்டாளுவ மாப்ள. குனிஞ்சா நிமிர முடியல. அவளுவ மருமவளுவ சேத்துல காலு வைக்க மாட்டாளுவ." அவர் சொன்னதில் குறை சொல்லும் தொனி இருந்தது. நான் கேட்டதில் ஒரு கூலி வரலாறு இருந்தது. எந்தத் தலைமுறைப் பெண்கள் எந்தக் கூலிக்கு, யார் அதட்டலுக்கு அந்தச் சேற்றில் இறங்கினார்கள் என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். கூலியை ஏற்றியும் மரியாதையை ஏற்றாத வேலைக்கு மருமகள் வராதது எனக்கு ஆச்சரியமில்லை.

இனி அந்த ரயில். திருப்பூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் எங்கும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த இளைஞர்கள். நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் அசாம், ஜார்க்கண்டு குடும்பங்கள். கேரளத்தில் அவர்களை அதிதித் தொழிலாளி, அதாவது விருந்தினர் என்கிறார்கள். ஏன் அங்கே போகிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு எண் போதும். ரிசர்வ் வங்கியின் கையேட்டின்படி 2022-23ல் கிராமப்புறக் கட்டட வேலைக்குக் கேரளத்தில் சராசரி நாள் கூலி 850 ரூபாயைத் தாண்டியது. நாட்டின் சராசரி 393. தமிழ்நாட்டில் 500. ரயில் கட்டணம் கழித்தாலும் கணக்கு ஒத்துவருகிறது.

நாம் அவர்களை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது 2023 மார்ச்சில் தெரிந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. ரயில் நிலையங்களில் கூட்டம் கூடியது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த இரண்டு வாரமும் முதலாளிகளின் சங்கங்கள் இந்தியில் வேண்டுகோள் வெளியிட்டுக் கொண்டிருந்தன. மொழிக் கொள்கைபற்றி மேடையில் கனல் கக்கும் சில பேரும் அந்த நாட்களில் தங்கள் தொழிற்சாலை வாசலில் இந்தியில் கெஞ்சியதை நான் அறிவேன். கெஞ்சியதில் தவறில்லை.

ஆனால் வடக்கு என்பது வற்றாத ஊற்று என்று நினைத்தால் அந்தக் கணக்குத் தவறு. அதே ஐந்தாம் சுற்றுக் குடும்பநல ஆய்வை எடுத்துப் பாருங்கள். ஒடிசாவில் ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளைகள், நம்மைப் போலவே. மேற்கு வங்கத்தில் 1.6, நமக்கும் கீழே. அசாம் 1.9. என் ஊர் வயலில் நட்ட இளைஞனின் அக்கா நம் ஊர்ப் பெண்களைவிடக் குறைவாகப் பெறுகிறாள். ஜார்க்கண்டு 2.3, உத்தரப் பிரதேசம் 2.4. பீகார் ஒன்றுதான் 3.0, அதுவும் பதினைந்து வருடத்துக்கு முன் 4.0 ஆக இருந்தது. இன்று இருபது வயதில் ரயிலேறுகிறவன் பிறந்தபோது இருந்த நிலைமையைத்தான் நாம் இப்போது அறுவடை செய்கிறோம். இருபது வருடம் கழித்து ரயிலேற வேண்டியவர்களில் பலர் பிறக்கவே இல்லை. அதற்குள் அந்த மாநிலங்களிலேயே ஒரு திருப்பூர் உருவாகாது என்று யார் எழுதிக் கொடுத்தது?

இன்னொன்று. இந்த ஏற்பாட்டில் நாம் இளமையை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். பதினெட்டில் வருகிறவன் முப்பத்தைந்தில் ஊர் திரும்புகிறான். முதுகுவலி, நுரையீரலில் பஞ்சுத்தூசி, வயதான காலம் எல்லாம் அவன் கிராமத்தின் கணக்கில். இதைச் சொன்னால் சில நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். வளைகுடா நாடுகள் ஐம்பது வருடமாக நம் ஆட்களிடம் இதைத்தானே செய்கின்றன? இருபத்தைந்தில் போனவர் ஐம்பத்தைந்தில் சர்க்கரை நோயோடு கீழக்கரையில் வந்து இறங்குகிறார், அந்த நாடு என்றும் இளமையாகவே இருக்கிறது. அங்கே நமக்கு வலித்தது, இங்கே நம்மால் வலிப்பது கண்ணில் படவில்லை.

சரி, என் மாணவர் சொன்ன அந்த "வீட்ல ஆயிரம் வேலை". இதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்க நினைத்தேன்.

மூப்பு தொழிலாளர் வரத்தை ஒருமுறை அல்ல, இரண்டுமுறை வெட்டுகிறது. முதல் வெட்டு எல்லோருக்கும் தெரியும்: வயதானவர் வேலையை விடுகிறார். இரண்டாவது வெட்டு எந்தப் புள்ளிவிவரத்திலும் நேராக வராது: அவரைப் பார்த்துக்கொள்ள வேலை வயதிலிருக்கும் இன்னொருவர் வேலையை விடுகிறார். அந்த இன்னொருவர் அநேகமாக மருமகள், இல்லாவிட்டால் மகள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். நாற்பத்திரண்டு வயது. பதினேழு வருடம் ஓவர்லாக் டெய்லர். மாணவரிடம் நான் கேட்ட கேள்வி கற்பனையில்லை, இவரை மனதில் வைத்துத்தான் கேட்டேன். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் டயபர் மாற்றுவது, துடைத்துவிடுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது. புரட்டாவிட்டால் முதுகில் படுக்கைப் புண் வந்துவிடும். வாட்டர் பெட் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கஞ்சியைக் கரைத்து மூக்குக் குழாயில் ஊற்ற அவருக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரே தடவைதான் சொல்லிக்கொடுத்தார். இப்போது அக்கம்பக்கத்தில் யாருக்காவது குழாய் மாட்டினால் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். "ஒரு ஆளப் போட்டுட்டு வேலைக்குப் போலாமுல்ல?" என்று கேட்டேன். "ஹோம் நர்ஸுக்குக் குடுக்கற காசு என்ர சம்பளத்தவிட சாஸ்திங்க. நான் வேலைக்குப் போறதே நட்டமாயிருமுங்க" என்றார். கணக்கு சரியாக இருந்தது. அவர் வேலையை விட்டது அறியாமையால் அல்ல, பொருளாதாரம் தெரிந்ததால்.

இந்தியாவிலுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குமேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நமக்குப் பெருமைதான். மற்ற மாநிலங்களிடம் இல்லாத வரத்து அது. ஆனால் அந்தப் பெருமையின் அடியில் ஒரு பெரிய மாமியார்ப் படை வேலை செய்துகொண்டிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டது அவர்கள்தான், உலை வைத்ததும் அவர்கள்தான். அவர்கள் திடமாக இருந்த வரையில் மருமகள் கம்பெனி பஸ்ஸில் ஏற முடிந்தது. அந்தப் படை இப்போது எழுபதைத் தாண்டுகிறது. பார்த்துக்கொண்டவர்கள் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர்கள் ஆகிறார்கள். அடுத்த சுற்றில் நிலைமை இன்னும் இறுகும். ஒரே பிள்ளையும் ஒரே பிள்ளையும் கல்யாணம் செய்துகொண்டால் ஒரு தம்பதிக்கு நான்கு பெரியவர்கள். பகிர்ந்துகொள்ள நாத்தனாரும் இல்லை, கொழுந்தனும் இல்லை.

2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் கொடுக்கிறாள், ஈடுபடும் ஆண் 88 நிமிடம். மூப்பினால் கூடப்போகும் வேலை இந்த இரண்டில் எந்தப் பக்கம் போய் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானில் இதற்கு ஒரு சொல்லே உண்டு: கைகோ ரிஷோக்கு. பராமரிப்புக்காக வேலையை விடுதல். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அப்படி விடுகிறார்கள். பிரதமராக இருந்த ஷின்சோ அபே 2015ல் அதைச் சுழியமாக்குவோம் என்று பொருளாதார இலக்காகவே அறிவித்தார். முதியோர் நலத்துறை சமாச்சாரமாக அல்ல, பொருளாதார இலக்காக. இத்தனைக்கும் அங்கே 2000 ஏப்ரலிலிருந்து நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். படுத்துவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும், பகல் நேர மையத்துக்கு வண்டி வந்து அழைத்துப்போகும். அவ்வளவு இருந்தும் லட்சம் பேர் என்றால், ஒன்றும் இல்லாத இடத்தில் எத்தனை பேர்? நாம் எண்ணுவதே இல்லை, ஏனென்றால் அவர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதில்லை. ஒரு திங்கட்கிழமை வராமல் போகிறார்கள்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன, இயன்முறைப் பயிற்சியாளர் வருகிறார். நான் சொன்ன வீட்டுக்கும் வருகிறார். அந்த அரைமணி நேரத்தில்தான் அந்தப் பெண் ரேஷன் கடைக்குப் போய்வருகிறார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதிகள், பல்லாயிரம் பெண்கள் தங்கும் தொழிற்சாலைக் குடியிருப்புகள் எல்லாம் நல்லவையே. ஆனால் விடுதி யாருக்கு? மீண்டும் அந்த முப்பத்தைந்து வயதுக்குள், வீட்டுப் பொறுப்பு இல்லாத பெண்ணுக்கு. குழந்தைகளுக்கு அங்கன்வாடி வேண்டும் என்று நமக்கு எப்போதோ தோன்றிவிட்டது. பகலில் ஒரு மாமியாரை விட்டுவிட்டு, மாலையில் அழைத்துக்கொள்ளும் இடம் ஒவ்வொரு வார்டிலும் வேண்டும் என்று இன்னும் தோன்றவில்லை. அதை நான் தருமக் காரியமாகக் கேட்கவில்லை. பத்தொன்பது மிஷின் ஓடும் இடத்தில் மேலும் ஐந்து ஓட வேண்டுமென்றால் அதற்கான முதலீடு என்று கேட்கிறேன். நம் பனியன் முதலாளிகள் சாயக்கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியவர்கள். தனியாகச் செய்ய முடியாததைக் கூட்டாகச் செய்யத் தெரிந்தவர்கள்தான்.

அடுத்து, வயதானவர்களே தொழிலாளர்களாக இருப்பது. ஏதோ புதிய யோசனைபோலச் சிலர் இதைப் பேசுகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமங்களில் 60 தாண்டிய ஆண்களில் நூற்றுக்கு 66 பேர் ஏதாவது வேலையில் இருந்தார்கள், நகரங்களில் 46 பேர். நம் நாட்டில் ஓய்வு என்பது மாதச் சம்பளக்காரர்களின் சொத்து. எங்கள் அடுக்ககத்து வாசலில் இரவுக் காவல் பார்க்கும் பெரியவர் ஒரு பஞ்சாலையில் ஐம்பத்தெட்டு வரை வேலை பார்த்தவர். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் வருகிறது. அதன் குறைந்தபட்சம் 2014லிருந்து மாதம் ஆயிரம் ரூபாய், இவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டார்ச், அளவு பெரிதான நீலச் சட்டை. காவல் வேலைக்கு ஆள் இல்லை என்று யாரும் புலம்பிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தத் தட்டியில் மட்டும் வயது வரம்பு இருக்காது. இவருக்கு ஸ்பின்னிங்கில் நூல் அறுந்த சத்தத்தைக் கேட்டே எந்த மிஷின் என்று சொல்லத் தெரியும். அந்தக் காதை நாம் கேட் திறக்கும் சத்தத்துக்கு ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

ஜப்பானில் 15 முதல் 64 வயது வரையிலான மக்கள் 1995ல் 8 கோடியே 70 லட்சம் பேர்; பிறகு இறங்கிக்கொண்டே வந்து 2023ல் 7 கோடியே 40 லட்சத்துக்குக் கிட்டே. ஆனால் வேலையில் இருப்பவர்கள் 2012ல் 6 கோடியே 28 லட்சம், 2023ல் 6 கோடியே 75 லட்சம் வாக்கில். பெட்டிக்குள் இருந்தவர்கள் குறைந்தபோது வேலை செய்தவர்கள் கூடினார்கள். பெண்கள் வந்தார்கள், 65 தாண்டியவர்களில் நால்வருக்கு ஒருவர் வேலையில் நீடித்தார். 65 வயது வரை வேலை கொடுப்பது நிறுவனங்களின் கடமை, 70 வரை கொடுக்க முயல வேண்டும் என்று 2021ல் சட்டம் நீண்டது. ஊருக்கு ஊர் வெள்ளி முடியினருக்கான வேலை மையங்கள், 1975ல் டோக்கியோவில் தொடங்கியவை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை தருகின்றன: தோட்டத்துச் செடி கத்தரிப்பது, காகிதக் கதவுக்குப் புதுக் காகிதம் ஒட்டுவது, சைக்கிள் நிறுத்துமிடம் பார்ப்பது. இதைக் கேட்டு உடனே கைதட்டிவிடாதீர்கள். அறுபதில் முறைப்படி ஓய்வு கொடுத்து, மறுநாளே அதே மேசைக்குக் குறைந்த சம்பளத்தில் ஒப்பந்தமாக எடுப்பதும் அங்கே வழக்கம். ஆனாலும் வேலையை மனிதனின் வயதுக்குத் தக்கபடி வெட்டித் தைக்கலாம் என்பதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். நாம் எட்டு மணி நேரத்தையே முழுதாகத் தைக்கவில்லை, ஒன்றரை ஷிப்ட்டில் நிற்கிறோம்.

இங்கே அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58லிருந்து 2020 மே மாதத்தில் 59, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. கொரோனாக் காலத்து நிதி நெருக்கடியில் பணிக்கொடையைத் தள்ளிப்போட அது வசதியாக இருந்தது என்பது ஊரறிந்த ரகசியம். இளைஞர்களுக்குக் கோபம் வந்தது, நியாயமும் உண்டு. 2022ல் குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 7,301, விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம். பெரியவர் எழுந்தால்தான் சின்னவருக்கு நாற்காலி என்பது நாற்காலிகளை எண்ணிப்போட்ட அலுவலகத்தில் உண்மை. வெளியே பொருளாதாரத்தில் அப்படியில்லை. ஒருவர் சம்பாதித்துச் செலவழிப்பது இன்னொருவருக்கு வேலையாகிறது. ஆனால் இதை அந்த 22 லட்சம் பேரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இருக்கிற இளைஞர்களே குறைவு என்று ஒரு மணி நேரமாக அழுகிறோம், அவர்களில் ஒரு பெரும் பகுதியைப் பயிற்சி மையங்களில் இருபத்தெட்டு வயதுவரை உட்காரவைத்திருக்கிறோம். கம்பெனியில் நிரந்தரம் இல்லை, சம்பளம் ஏறாது, முப்பத்தைந்தில் வெளியே போக வேண்டும் என்று தெரிந்த பிள்ளை, அறுபதுவரை நிற்கும் ஒரு நாற்காலிக்கு ஐந்து வருடம் காத்திருப்பது முட்டாள்தனம் அல்ல. அதுவும் ஒரு கணக்குத்தான், அந்தப் பெண் போட்டதைப் போல.

கடைசியாக, பிள்ளைகள் அதிகம் பெறுங்கள் என்ற குரல். 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதைப் பேசினார். அதே மாதத்தில் சென்னையில் ஒரு திருமண விழாவில் அப்போது நம் முதல்வராக இருந்த ஸ்டாலின், தொகுதிச் சீரமைப்பை மனதில் வைத்து, பதினாறு பெறலாமோ என்று நினைக்கத் தோன்றுகிறது என்றார். பெரியவர்கள் வாழ்த்திய பதினாறு என்பது பேறுகள், பிள்ளைகள் அல்ல என்று அவரும் அந்த மேடையிலேயே விளக்கிவிட்டார். தொகுதிக் கணக்கு வேறு, அதில் நான் நுழையவில்லை. வேலைக் கணக்கு மட்டும் பார்த்தால், இன்று பிறக்கும் குழந்தை வேலைச் சந்தைக்கு வர இருபது வருடத்துக்கு மேலாகும். அதுவரை அது வரத்தைக் கூட்டாது, குறைக்கும், ஏனென்றால் முதலில் அதன் தாய் வேலையை விடுவாள். ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் தொட்டில் என்றால் அந்த ஓவர்லாக் மிஷின் நிரந்தரமாகத் துணி போர்த்திக்கொள்ளும்.

2027ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பதினாறு வருடம் கழித்து வருகிறது. இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களில் சிலர் எண்ணச் செல்வீர்கள். சென்ற தடவை படிவத்தில், கடந்த ஓராண்டில் வேலை செய்தாரா என்று ஒரு கேள்வி இருந்தது. செய்யவில்லை என்றால் மாணவர், வீட்டு வேலை, ஓய்வூதியர் என்று அதற்குக் குறியீடுகள். எங்கள் அடுக்ககத்துக்கு வருகிற ஆசிரியர் அந்தக் காவலரைத் தொழிலாளி என்று குறிப்பார். பனியன் யூனிட் விடுதிக்குப் போகிறவர் பதினெட்டு வயது ஒடிசாப் பையனையும் தொழிலாளி என்று குறிப்பார், அவன் அன்று ஊருக்குப் போயிருக்காவிட்டால். அதே தெருவில் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டும்போது, உள்ளே ஒரு பெண் மூக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்துவர முடியாமல் குரல் மட்டும் கொடுப்பார். அவரைத் தொழிலாளி அல்லாதவர் என்று எழுத வேண்டியிருக்கும். எழுதும்போது, முன்பு என்ன வேலை பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சென்ற தடவைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, தனியாகத்தான் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.